லா குவாவா மக்களாகிய நாங்கள்

லா குவாவா,
மார்ச் 20, 2006

அன்புள்ள தம்பி சில்வெஸ்தருக்கு,

அக்கா யூலாலி எழுதுவது. நான் நலம். உன் அத்தானுக்குத்தான் கால் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு, ஆறுவேனா என்கிறது. போனில் பேசலாம் என்றால் மலை ஏறிப் போய் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அதற்குள் ஊரே வந்து காது கொடுக்கும். அதனால் கடிதம்.

பாலம் விழுந்த கதைதான் உனக்குத் தெரியுமே. நவம்பர் வெள்ளத்தில் அக்கரைத் தூண் சாய்ந்ததோடு சரி, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்கு வேன் ஓட்டும் கெல்வின் வண்டியை அக்கரையிலேயே நிறுத்திவிடுகிறான். வாரம் இரண்டு தடவை அரிமா டவுன் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். உன் அத்தானை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் ஆற்றில் இறங்கித் தூக்கிப் போகிறார்கள். இப்போது தண்ணீர் முழங்கால் அளவு. ஜூனில் மழை பிடித்தால் என்ன செய்வது?

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும், பாலம் கேட்கும் மனுவுக்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். வழக்கம்போல மேலே முக்கால் தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன். கொக்கோத் தோட்டத்துக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை விட்டால் பிடிக்க முடியாது, எழுதி முடிக்கும்வரை யார் காத்திருப்பார்கள்? நீ வேலை பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்று உனக்குத்தான் தெரியும். உன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடு. அறுபத்தோரு பேர். முதல் கையெழுத்து என்னுடையது.

கடைக்காரன் ஹரிநந்தன் மட்டும் போடவில்லை. "மேல என்ன எழுதப் போறீங்கன்னு பாக்காம நான் எப்படிக்கா போடுவேன்?" என்றான். பாலம் உடைந்ததில் அவனுக்குக் கொள்ளை லாபம். அரிமாவுக்குப் போக முடியாமல் உப்பு மீன் முதல் சோப்பு வரை அவனிடம்தானே வாங்குகிறோம். எனக்கு அவன் மேல் ஒரு கண் இருக்கிறது.

உறையைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். இதைக் கொண்டுவரும் கெல்வின் நல்லவன்தான், இருந்தாலும் உறை பிரிந்திருந்தால் சொல்.

அன்புடன்,
அக்கா யூலாலி


போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறை பிரியாமல் வந்தது, கவலை வேண்டாம். மனுவைக் கொடுத்துவிட்டேன். மேலே போயிருக்கிறது. இங்கே எதுவும் படிப்படியாகத்தான் நடக்கும், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

என் வேலை பரவாயில்லை. நாடு முழுக்க சாலைப் பலகைகளை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வைக்கப்போகிறார்கள். கடலுக்கு எதிர்க்கரையில் ஸ்பானிஷ் பேசும் நாட்டு வியாபாரிகளும் சுற்றுலாக்காரர்களும் வருவார்களாம். நம் வீட்டில் பேசிய ஸ்பானிஷுக்கு இப்போதுதான் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. சின்ன வயதில் பள்ளியில் அதைப் பேசியதற்காக உங்களை முட்டி போட வைத்தார்கள், நினைவிருக்கிறதா? அந்த மொழியை இன்று அரசாங்கப் பணத்தில் பச்சைப் பலகையில் எழுதுகிறேன். இந்தத் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று ஒரு பேச்சு.

அத்தானுக்கு இத்துடன் காலுறை இரண்டு ஜோடி. ஈஸ்டர் வாழ்த்துகள்.

தங்கள் தம்பி,
சில்வெஸ்தர்


லா குவாவா,
ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாளைக்கு முன் லாரி வந்தது. பெரிய லாரி. சத்தம் கேட்டு ஊரே கரைக்கு ஓடிவந்தது. நான் அடுப்பில் இருந்த மரவள்ளியைக் கூட இறக்கவில்லை. பாலத்துக்கு இரும்பு வந்துவிட்டது என்று உன் அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

இறக்கியது முழுக்கக் கம்பங்கள். கம்பத்துக்கு மேலே பலகை. லாரி இக்கரைக்கு வர வழியில்லை, அதனால் கொண்டுவந்த ஏழையும் அக்கரையிலேயே வரிசையாக நட்டுவிட்டார்கள். ஊர்ப் பெயர், பள்ளி, கோயில், ஆறு என்று எல்லாம் இரண்டு மொழியில். பள்ளிக்கு அம்புக்குறி ஆற்றுக்குள்ளே காட்டுகிறது. கடைசிப் பலகையைக் கேள்: "பாலம் பழுது, கவனம்." அதுவும் இரண்டு மொழியில். கூரை ஒழுகுகிற வீட்டுக்கு வாசலில் தோரணம் கட்டின கதைதான்.

நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் எலியூத்தேரியோ வாய் சும்மா இருக்குமா? "என்னப்பா இது? ஒரு பாஷைல ஒடஞ்ச பாலம் இப்ப ரெண்டு பாஷைல ஒடஞ்சிருக்கு" என்றார். லாரிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மனு என்ன ஆயிற்று? யாரோ நடுவில் புகுந்து கெடுத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஹரிநந்தன் அந்த லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் குளிர்பானம் கொடுத்து, அரை மணி நேரம் குசுகுசு என்று பேசினான். பாலம் வேண்டாம் என்று அவன்தான் எழுதிப் போட்டிருக்கிறான். பூசை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது அவன் கடைக்கு யாரும் போவதில்லை. அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். சாத்தட்டும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

ஆற்றில் தண்ணீர் இடுப்பு வரை வந்துவிட்டது. சீக்கிரம் விசாரித்து எழுது.

அக்கா யூலாலி


போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம். ஹரிநந்தனை விட்டுவிடுங்கள், அக்கா. அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. கோயிலில் எல்லாம் பேசியிருக்க வேண்டாம்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அலுவலகத்தில் பாலம் ஒரு பிரிவு, பலகை ஒரு பிரிவு. இந்தக் கையில் இருப்பது அந்தக் கைக்குத் தெரியாது. பலகையைக் கேலி செய்யாதீர்கள். ஓர் ஊர் வரைபடத்தில் வந்துவிட்டால் நாளைக்கு அதற்குப் பாலமும் போட்டுத்தானே ஆக வேண்டும்? அந்தப் பதினொன்றும் நம் ஊருக்கு ஒரு தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அத்தானுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், விலை உயர்ந்தது, வேளை தவறாமல் கொடுங்கள்.

தம்பி,
சில்வெஸ்தர்


லா குவாவா,
ஆகஸ்ட் 20

சில்வெஸ்தர்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஏழு பலகை என்று நான் எழுதினேன். நீ பதினொன்று என்கிறாய். மீதி நாலும் லாரியிலேயே திரும்பிப் போயின என்று எனக்கே பிறகு கெல்வின் சொல்லித்தான் தெரியும். பலகை எழுதுவது உன் வேலைதான், ஆனால் எங்கள் ஊருக்குப் பதினொன்று என்று தெரிந்திருந்தும், வரப்போகிறது என்று ஏன் ஒரு வரி எழுதவில்லை?

ஹரிநந்தனுக்கு நீ பரிந்து பேசியதும் உறுத்தியது. யாரோ என்று நினைக்கிற ஆளுக்காக நீ இவ்வளவு வக்காலத்து வாங்குகிறவன் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் ஆற்றைக் கடந்தேன். அரிமா போய், அங்கிருந்து பஸ் பிடித்து உன் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. உன் அலுவலகத்துக் கீழ்த்தளத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் லா குவாவா கோப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். சந்தோஷமாகவே கொடுத்தாள்.

"ஓ, லா குவாவாவா? உங்க ஊர்தான்மா மொதல்ல கேட்டது. உங்க பேப்பரத்தான் எல்லா மீட்டிங்லயும் காட்டறாங்க. இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

என்னுடையதுதான். முதல் கையெழுத்து. கீழே உன் அத்தான், எலியூத்தேரியோ, எழுத்து நடுங்கும் கிழவிகள், அறுபத்தோரு பேர். மேலே உன் எழுத்து. முத்து முத்தாக. "லா குவாவா மக்களாகிய நாங்கள், எங்கள் முன்னோர் மொழியில் சாலைப் பலகைகள் வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." பாலம் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

ஆமாம், என்னுடையதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உன் அறை இரண்டாவது மாடியில்தான் என்றார்கள். ஏறவில்லை. ஏறியிருந்தால் அறைந்திருப்பேன்.

என்ன சொல்கிறாய், சொல்.

யூலாலி


போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் எழுதினேன்.

உங்கள் உறை வந்த அன்றே பாலத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்தப் பிரிவில் கேட்டேன். இந்த ஆண்டு கிராமப் பாலங்களுக்கு ஒதுக்கீடே இல்லை என்றார்கள். பலகைக்கு நிறைய இருந்தது. கணக்கு ஆண்டு செப்டம்பரோடு முடிகிறது, அதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆனால் பலகை வேண்டும் என்று எந்த ஊரும் கேட்கவில்லை. "மக்கள் கேக்கறாங்கன்னு ஒரு பேப்பர் இருந்தாப் போதும், சில்வெஸ்தர். ஒன் ஊர்ல ஸ்பானிஷ் பேசறவங்க இருக்காங்கதானே?" என்று அதிகாரி தினமும் கேட்டார். அறுபத்தோரு கையெழுத்து போட்ட தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்று நாள் அதைத் திறக்கவில்லை. நான்காம் நாள் எழுதிவிட்டேன்.

பாலம் எப்படியும் வராது, பலகையாவது வரட்டும், அதைப் பார்க்க நாலு பேர் வந்தால் பாலமும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. நாற்பத்தாறு வயதில் இன்னும் தற்காலிகம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஒருவருக்கும் கேடு வராது என்று நினைத்தேன்.

தம்பி


லா குவாவா,
செப்டம்பர் 17

சில்வெஸ்தர்,

கேடு வந்திருக்கிறது. கேள்.

போன வாரம் அத்தானைத் தூக்கிப் போகும்போது நடு ஆற்றில் நாற்காலி சாய்ந்தது. புண் சேற்றுத் தண்ணீரில் ஊறிவிட்டது. விரல் கறுத்துக்கொண்டு வருகிறது, மழைக்காலம் முழுக்க இப்படியே வந்தால் பாதம் தங்காது என்கிறார் டாக்டர்.

பாலத்துக்கு நாங்களே புதிதாக மனு எழுதி அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வந்துவிட்டது, இதற்கு மட்டும் வேகம். உங்கள் ஊரின் இவ்வாண்டுக் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது என்று. நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டார்களாம்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு எழுந்து நின்றேன். கெடுத்தது ஹரிநந்தன் இல்லை, என் தம்பி என்று சொன்னேன். வெளியே வந்து ஹரிநந்தன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் எதையோ நிறுத்துக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. "நான் அன்னைக்கு ஒரு கேள்விதானக்கா கேட்டேன். அதுக்கு ரெண்டு மாசம் என் புள்ளைங்கள யாரும் வெளையாட்டுக்குக்கூடச் சேத்துக்கல" என்றான். நான் அங்கேயே நின்றேன். வேறு என்ன செய்ய?

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. இதில் வெறும் இடம் இல்லை. முதல் மனுவை எழுதியது நீ, ஊர் கேட்டது பாலம், ஊருக்குத் தெரியாமல் நீ மாற்றினாய் என்று முழுதும் எழுதி, கோயிலில் சத்தமாகப் படித்து, பிறகுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஹரிநந்தனும் போட்டிருக்கிறான். கீழே உன் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் பழைய மனுவை ரத்து செய்ய மாட்டார்கள். அது ரத்தாகாமல் புதிய ஆண்டுக் கணக்கில் பாலத்தைச் சேர்க்க மாட்டார்கள். ஹரிநந்தனே போய்க் கேட்டுக்கொண்டு வந்தான்.

போட்டால் உன் வேலை போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ போடமாட்டாய் என்று ஊரில் பந்தயமே கட்டுகிறார்கள். என்னைக் கேட்டார்கள். நான் எந்தப் பக்கமும் கட்டவில்லை.

யூலாலி


லா குவாவா,
அக்டோபர் 22

அன்புள்ள தம்பி சில்வெஸ்தருக்கு,

தாள் வந்தது. கடிதம் எதுவும் இல்லாமல், கையெழுத்து மட்டும். ஹரிநந்தன் அன்றே அதை எடுத்துக்கொண்டு போய் நேரில் கொடுத்தான். போன திங்கள் இரண்டு பேர் வந்து ஆற்றை அளந்து, இரு கரையிலும் முளை அடித்துவிட்டுப் போனார்கள். பாலம் வரும் என்று சொல்ல மாட்டேன். அளந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அத்தானுக்கு ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தப்பியது.

உன் வேலை போய்விட்டதாக கெல்வின் சொன்னான். வாடகை அறையையும் காலி செய்துவிட்டாயாம். எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் இறங்கவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்க மனமில்லை. அந்தத் தாள் வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இது இவன் போட்டதுதானா, யாரையாவது விட்டுப் போட்டு, நாளைக்கு என்னுடையது இல்லை என்பானா என்றுதான் தோன்றியது. உன் பழைய கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். அம்மா இறந்தபோது நீ எழுதியதையும் எடுத்தேன். விளக்கைக் கிட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றாக உன் கையெழுத்தை இதனோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ போட்ட கையெழுத்து. அதை நான் திருடனுடையதைப் போலச் சோதித்தேன். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வா. பின்னறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். ஊர் உன்னிடம் ஒரு மாதிரிதான் இருக்கும், தாங்கிக்கொள். ஆற்றங்கரையில் வந்து கூப்பிடு, நீ கடக்க யாராவது கயிறு பிடிப்பார்கள். நானே வந்து பிடிப்பேன்.

பழையபடி நான் உன்னை நம்ப வேண்டும் என்று மட்டும் கேட்காதே. முயற்சி செய்து பார்த்துவிட்டேன், முடியவில்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்று நீ சொன்னால், எழுந்து போய்ப் பானையைத் திறந்து பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா யூலாலி