உங்கள் வண்டியில் ஓட்டை போட்டோம்

பிரியமுள்ள மாலதி அப்பாவுக்கு,

முதலில் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் வண்டியில் ஓட்டை போட்டுவிட்டோம். கதவுத் தூணிலும் தரையிலுமாகச் சில ஓட்டைகள். ஊர் பெயரையே மெட்ராஸிலிருந்து சென்னை என்று மாற்றிவிட்டார்கள், நான் செய்தது பெரிய குற்றமா?

கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட விட்டதில்லை நீங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தைக்கூட உடனே துடைத்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் மாலதி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கிண்டிப் பக்கம் கல்லூரிக்கு உங்கள் பழைய சின்னக் காரில்தான் போவாளாம். உங்கள் தம்பி வாங்கியிருக்கும் புதுக் காரில் முன் சீட்டுக்கு பெல்ட் உண்டு; உங்கள் வண்டியில் அது இல்லை. "அண்ணி, இந்த டப்பாவை வித்துடுங்க. சின்னப் பொண்ணு கையில குடுக்காதீங்க" என்றார்.

டப்பா என்றதும் எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் நெஞ்சுவலியில் நீங்கள் போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதானே. விற்கவும் மனமில்லை, கொடுக்கவும் பயம்.

மாலதிதான் வழி சொன்னாள். "பழைய வண்டிக்கும் பெல்ட் மாட்டலாம்மா." சைதாப்பேட்டையில் நம் மெக்கானிக் பாஷா டிரில்லிங் மெஷினோடு தயங்கி நின்றார்.

"இன்னாம்மா இது, சார் இருந்தா தொட வுட்டிருப்பாரா? ஓட்டை போட்டா போட்டதுதான்."

"போடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

போன வாரம் கோட்டூர்புரம் பாலத்தில் இறங்கும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்துவிட்டது. மாலதி பிரேக்கை மிதித்தாள். பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே அவளுடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்துவிட்டது.

"பெல்ட்தான் இருக்கே, கை எதுக்குடி?"

"தானா வந்துடுச்சும்மா. அப்பா இப்படித்தானே உன்னைப் பிடிப்பாரு."

பின் சீட்டிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் கை எனக்குக் காவலாக வந்தது. உங்களை யார் பிடித்துக்கொண்டார்கள்? ஒருநாளும் நான் யோசித்ததில்லையே. ஒற்றைக் கையால் வண்டியைச் சமாளித்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அந்தக் கை வந்தபோது நீங்களே வந்ததுபோல இருந்தது. இன்னொரு முறை வராதா என்று ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளை வண்டியில் ஏறியதும் அவளிடம் சொல்லிவிடுவேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு: "ரெண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். அம்மாவை விட்டுடு."

என்றும் உங்கள்,
மாலதி அம்மா