கடைச் சாப்பாட்டை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

என் ரஞ்சுவுக்கு,

எங்கே இருந்தாலும் இந்நேரம் சாப்பிட்டிருப்பாய். பசி பொறுக்கிறவளா நீ?

உனக்குக் கொடுத்த ஒரு வாக்கை மீறிவிட்டேன். தைவானில் இருந்த நாலு வருஷமும் நாம் கடையில்தான் சாப்பிட்டோம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் காதுக்கு மட்டும் போகவே கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாய். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டில் யாரும் வெளியே சாப்பிட்டதில்லை. வெங்காயமும் பூண்டும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. பொன்மலை ரயில்வே காலனியில் பரோட்டா தின்று வளர்ந்த என்னை நீ கட்டிக்கொண்டதையே ஒருவழியாகத் தாங்கிக்கொண்ட உன் அம்மா, திருச்சி ஏர்போர்ட்டில் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். "எங்க வேணா போய் இரு. வெளில மட்டும் சாப்பிடாதே. ரெண்டு வேளையும் ஆத்துல தளிகை பண்ணிச் சாப்பிடு." சமையலுக்கு உங்கள் வீட்டுப் பேச்சில் தளிகை என்று பெயர் என்பதையே நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீயும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தாய்.

சின்ச்சு நகரத்தில் எனக்குச் சிப் சோதனை செய்கிற வேலை, உனக்கு மென்பொருள் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு பேருக்கும் நிற்கத் தெம்பு இருக்காது. முதல் மாதம் நீ சமைத்துத்தான் பார்த்தாய். இரண்டாவது மாதம் ஒரு மழைக்கு ஒதுங்கிய இடம்தான் சந்து முனையில் இருந்த அந்த சைவச் சாப்பாட்டுக் கடை. எவர்சில்வர் தட்டங்களில் இருபது முப்பது வகை இருக்கும். இடுக்கியால் வேண்டியதை எடுத்துத் தட்டில் வைத்து, தராசில் நிறுத்துக் காசு கொடுக்க வேண்டும். சோறும் சூப்பும் எவ்வளவு வேண்டுமானாலும் நாமே போட்டுக்கொள்ளலாம். வீட்டில் சமைக்க ஆகிற செலவைவிடக் குறைவு.

அந்தக் கடைக்கார அம்மா வெங்காயம் சேர்ப்பதில்லை, பூண்டு சேர்ப்பதில்லை. அவர்களுடைய கோயில் வழக்கமாம். சுவரில் எழுதியிருந்ததை போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, "டேய், இது எங்காத்து அடுக்களைடா" என்றாய். அங்கே முட்டையும் சைவக் கணக்குத்தான். அது இருக்கும் தட்டத்தின் பக்கம் நீ தெரியாமல் போனால் போதும், அந்த அம்மா கல்லாவிலிருந்தே இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டுவார். ஒரு வார்த்தை பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

ராத்திரி ஏழரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வரும். "இன்னிக்கு என்ன தளிகை?" நீ அப்போதுதான் தின்றுவிட்டு வந்த தட்டை, உங்கள் வீட்டுப் பெயர்களில் அப்படியே ஒப்பிப்பாய். "பாகற்காய் கறியமுதும்மா. முட்டைக்கோஸ். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு சாத்தமுது." வதக்கல் உன் வாயில் கறியமுதாகும், சூப்பு சாத்தமுது என்கிற ரசமாகிவிடும். நான் கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவேன். தோல் சீவாத பரங்கிக்காயை இஞ்சி மட்டும் சேர்த்து வேகவைக்கிற கதையை நீ சொன்ன மறுநாளே உன் அம்மா அதைச் செய்து பார்த்துவிட்டார்.

சரி, இப்போதைய சமாசாரத்துக்கு வருகிறேன். உன் முதல் வருஷத்துக் காரியத்துக்காக லீவு போட்டு வந்தேன். எல்லாம் முடிந்து புறப்படும்போது உன் அப்பா வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"மாப்ளே, உங்க மாமி ஒரு வேளைதான் சாப்பிடறா. ஒரு வருஷமா இப்படியேதான். நான் கேட்டா பதில் வராது. நீங்க கேட்டுப் பாருங்கோ."

திரும்பிப் போய்க் கேட்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான்தானே அவளைப் படுத்தினேன். ஆபீசுக்கும் போயிண்டு, ரெண்டு வேளையும் அடுப்படியில நின்னுண்டு. முடியாத அன்னிக்கு வெளில சாப்பிடுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உடம்பு அப்படி ஆகியிருக்குமா? எனக்கெதுக்கு ரெண்டு வேளை?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிந்திருந்தது, சமையலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை.

பஸ்ஸில் பொன்மலைக்குத் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். என் வேலையில் முடிவு தப்பாக வந்தால், உள்ளே போன தகவல் சரியா என்றுதான் முதலில் பார்ப்போம். உன் அம்மாவுக்கு நாலு வருஷம் தப்பான தகவல் கொடுத்தது நாம்தான். அதை வைத்துக்கொண்டு அவர் தனக்குத்தானே தண்டனை எழுதிக்கொண்டிருக்கிறார். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு இந்த ஒரு வருஷமாக அழுகையே வருவதில்லை, ரஞ்சு. உள்ளே ஏதோ மரத்துப்போயிருக்கிறது. அதனால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் போனேன். அம்மா அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, அவ அங்க சமைக்கவே இல்ல."

கை நின்றது.

"ஞாயித்துக்கிழமை தயிர்சாதம் பிசைவா. மத்த நாளெல்லாம் கடைதான். நாலு வருஷமும்."

"தினம் சொல்வாளே. கறியமுது, சாத்தமுதுன்னு."

"எல்லாம் கடையில சாப்பிட்டதுதாங்க."

"அந்தப் பரங்கிக்காய்?"

"அதுவும்தான்."

"அதைப் பண்ணிப் பெருமாளுக்கு வெச்சுக் கண்டருளப்பண்ணினேனே."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையை நிமிர்த்தாமல், "பெருமாள் ஒண்ணும் சொல்லலியே. நாம என்ன சொல்றது" என்றார்.

"நீங்க சித்த சும்மா இருங்கோ." அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். "என்கிட்ட அவ்வளவு பயமா அவளுக்கு?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நறுக்கிய தண்டு தண்ணீரில் அப்படியே கிடந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் போன் இல்லை. பொய்யில் எனக்கும் பங்கு, அதனால் அந்த வீட்டு வாசல் இனி எனக்கு இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பேசாமல் இருந்திருக்கலாமோ?

மூன்றாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். வணக்கம், நலம் எதுவும் இல்லை. "போட்டோ இருக்கா? அந்தக் கடை?"

ஓடினேன். கையில் இடுக்கியோடு, கன்னம் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு, தட்டில் மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு நீ நிற்பாயே, அந்தப் படத்தைக் காட்டினேன். பின்னால் அந்த அம்மாவும் நிற்கிறார். தட்டைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டு விரலால் உன் முகத்தைப் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நன்னாத்தான் சாப்ட்டிருக்கா" என்றார். "இங்க இருந்தப்போ இந்தக் கன்னம் கிடையாது."

பிறகு படத்தை நகர்த்தி, "இவதான் கடைக்காரியா?" என்றார்.

"ஆமாங்க."

"சிரிச்ச முகமா இருக்கா. குளிச்சிட்டுத்தானே சமைப்பா?"

"அதெல்லாம் சுத்தம்தாங்க." கூடவே, "அவளுக்கு உங்ககிட்ட பயம் இல்ல மாமி. நீங்க நிம்மதியாத் தூங்கணும்னுதான் சொல்லுவா" என்றேன்.

இது முழு உண்மையா என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் பயமும் இருந்ததுதானே, ரஞ்சு?

"இப்போ நீங்க அங்க எங்க சாப்பிடறேள்?" என்று திடீரென்று கேட்டார். இதற்கு நான் தயாராக இல்லை. பிஸ்கட், பாக்கெட் நூடுல்ஸ் என்றேன்.

"ஏன், அந்தக் கடை என்னாச்சு?"

"அந்தப் பக்கம் போறதில்லைங்க. வேற சந்து வழியா சுத்தி வந்துடறேன். போனா ரெண்டு தட்டு எடுத்து நீட்டுவாங்க."

"அப்போ அவளுக்கு விஷயமே தெரியாதா?"

"சொல்லலைங்க."

"ஒரு வருஷமாவா?" குரல் ஏறியது. "நாலு வருஷம் எம்பொண்ணுக்குச் சோறு போட்டிருக்கா. ரெண்டு பேரும் எங்க போனாளோன்னு தினம் வாசலைப் பார்த்திண்டிருப்பாளே. அவகிட்ட சொல்லாம இருக்கறது என்ன நியாயம்? போய்ச் சொல்லுங்கோ. சொல்லிட்டு அங்கேயே உக்காந்து சாப்பிடுங்கோ. நூடுல்ஸாம்."

திட்டிக்கொண்டே போய்த் தோசை வார்த்தார். எனக்கு ஒரு தட்டு, அப்பாவுக்கு ஒரு தட்டு. அப்புறம் மூன்றாவதாக ஒரு தட்டோடு வந்து உட்கார்ந்தார். காலையில் அவர் வாயில் எதுவும் படுவதில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பாவும் நானும் அந்தத் தட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். பாதித் தோசை தின்றார். மீதியை என் தட்டில் தள்ளிவிட்டு, "உப்பு கம்மி" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை எனக்கு விமானம். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டிய வாக்கியத்தை போனில் தட்டி, மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். சீன எழுத்தில் அது மிகச் சின்னதாக இருக்கிறது. ஒரு வருஷத்தை அதற்குள் எப்படி அடைத்தார்களோ தெரியவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ச்சு போய்ச் சேர்ந்த அன்றே அந்தச் சந்து வழியாகப் போவேன். உன்னைப் பற்றிச் சொல்வேன். அவர் அழுதால் பக்கத்தில் நிற்பேன். அப்புறம் ஒரே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, சன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். பாதியில் எழுந்திருக்க மாட்டேன், ரஞ்சு.

உன் அம்மாவுக்கு இன்னும் மாப்பிள்ளையாகவே இருக்கிற,
உன் புருஷன்
செந்தில்