எல்லாருக்கும் இரண்டு

மார்ச் 3, திங்கள்

இன்று காலையும் ஆறு பேரும் இரண்டு என்றே எழுதியிருந்தார்கள். பதினோரு வாரமாக ஒருவருக்கும் இரண்டைத் தாண்டவில்லை. நோட்டை மூடும்போது எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மைதானத்துக்கு வந்ததும், வார்ம் அப் தொடங்கும் முன், ஒவ்வொருவரும் உடம்பில் எவ்வளவு வலி என்று ஓர் எண் எழுத வேண்டும். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் ஆம்புலன்ஸ். மூன்றைத் தொட்டுவிட்டால் அன்று ஓட்டமும் கிடையாது, எடை தூக்குவதும் கிடையாது, நேராக வீட்டுக்கு. என் கண்டுபிடிப்பு. (கண்டுபிடிப்பு என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு பயிற்சி முகாமில் யாரோ சொன்னதைச் சுட்டேன்.)

அண்ணன் மகளுக்கு ஏப்ரல் 12 அன்று மாநில அணித் தேர்வு, நூறு மீட்டர். தகுதி நேரத்தைத் தொட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் பாக்கி. பதினாறு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன், என்னிடமிருந்து ஒருவர்கூட அந்த அணிக்குப் போனதில்லை. போனவர்கள் எல்லாம் முதலில் என்னைவிட்டு வேறு பயிற்சியாளரிடம் போய், அங்கிருந்து போனார்கள். இவள் சொந்தக்காரி, அப்படித் தப்பிக்க முடியாது.

மார்ச் 4

இன்றும் எல்லாருக்கும் இரண்டு. நான் ஒரு மேதை.

மார்ச் 8, சனி

வீட்டில் நோட்டை மேசைமேல் வைத்தது தப்பு. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எண்கள் எங்கே கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவாள். நாலைந்து பக்கம் புரட்டினாள்.

"என்னங்க, இது வலியா, இல்ல ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதினதா?"

பயிற்சி அந்த அளவுக்குச் சீராக இருக்கிறது என்றேன். வாரத்துக்கு வாரம் சுமையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன், வேக ஓட்டத்துக்கும் தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கும் நடுவில் எப்படி நாள் விடுகிறேன் என்றெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு பேருக்குப் பதினோரு வாரமா ஒரே விடையா? என் கிளாஸ்ல இப்படி வந்தா யார் பேப்பரப் பாத்து யார் எழுதினதுன்னு தேட ஆரம்பிச்சுடுவேன்" என்றாள்.

"உனக்கு விளையாட்டப் பத்தி என்ன தெரியும்?"

"விளையாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. பிள்ளைங்களப் பத்தி தெரியும்."

இருபது வயசுக்கு மேல் ஆனவர்கள் பிள்ளைகளா என்று கேட்க வேண்டும் என்று பத்து நிமிஷம் கழித்துத் தோன்றியது. அதற்குள் அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

காலையில் அரை மணி நேரம் பிரசங்கம். முப்பது மீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மூன்று நிமிஷமாவது ஓய்வு வேண்டும். உடம்பு சூடாகாமல் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ மாட்டக் கூடாது. தசை அவசரத்தை மன்னிக்காது. இப்படி ஒன்று, அப்படி ஒன்று. ஆறு பேரும் தலையாட்டினார்கள். அண்ணன் மகள், "சார், புறப்பாட்டுல முதல் மூணு அடி எப்படின்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்லித்தானே கேட்டாள்? செய்து காட்டினேன்.

வயது நாற்பத்தொன்பது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்பைக்ஸ். வார்ம் அப் என்று பார்த்தால், பிரசங்கம் செய்தபோது கையை ஆட்டியது மட்டும்தான். முதல் மூன்று அடி உண்மையிலேயே பிரமாதம், அதைப் பாறையே ஒத்துக்கொண்டாள். (குண்டு எறிகிறவள். நாங்கள் வைத்த பெயர், அவளுக்கே பெருமை.) பதினாலாவது மீட்டரில் வலது தொடைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே விழுந்தேன்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். தரையில் முகம் புதைந்திருக்கும்போதே என் வாய், "ஒண்ணுமில்ல, லேசா இறுக்கம்" என்றது.

மார்ச் 13, வியாழன்

பிசியோவிடம் போனேன். என் பிள்ளைகளை நான் அனுப்பும் அதே பெண்தான். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள்.

"வலி எவ்வளவு சார்? பத்துக்கு?"

"ரெண்டு."

கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இது ரெண்டுன்னா உங்க அஞ்சு எப்படி இருக்கும்? சொல்லி வைங்க, நான் காதப் பொத்திக்கறேன்."

தொடைத் தசையில் பாதி கிழிசல். ஆறு வாரம். ஒரு வாரத்துக்கு மைதானத்தில் நிற்கக்கூடக் கூடாது, உட்காரலாம்.

ஏன் இரண்டு என்று சொன்னேன்? வீடு வரும் வழியெல்லாம் இதே யோசனை. மைதானத்துக்கே போகக் கூடாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். வேறு காரணம் ஒன்றும் தோன்றவில்லை. மனைவி காலுக்கடியில் தலையணை வைத்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 15, சனி

உட்கார்ந்தால் வேறு மாதிரி தெரிகிறது. நிற்கும்போது நான் பார்ப்பது தோளையும் ஸ்டாப்வாட்சையும். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தால் எதிரே கால்கள்தான்.

அண்ணன் மகள் பார்வையாளர் படியில் இறங்கினாள். இடது காலைக் கீழே வைக்கும்போது மட்டும் கம்பியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியிலும்.

நோட்டைப் பார்த்தேன். அவளுக்கு இரண்டு.

பாறையைத் தனியாகக் கூப்பிட்டு, நிஜத்தைச் சொல் என்றேன். குண்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"டிசம்பர்ல நான் ஒருநாள் அஞ்சுன்னு எழுதினேனே, ஞாபகம் இருக்கா சார்? வீட்டுக்குப் போன்னு சொன்னீங்க. அது பரவாயில்ல. அடுத்த மூணு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"நான் ஒண்ணும் திட்டலையே?"

"திட்டல. ஆனா உங்க மூஞ்சி சார்... மூஞ்சியே சொல்லிடுது."

அன்றே உடை மாற்றும் அறையில் ஆறு பேரும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். பூச்சியம் போட்டால் நான் நம்ப மாட்டேன். மூன்று போட்டால் வீட்டுக்கு அனுப்புவேன். ஆகவே இரண்டு. நடுவில் ஒருநாள் ஒருத்தன் ஞாபக மறதியில் ஒன்று என்று எழுதப்போக, மற்றவர்கள் பிடித்துத் திருத்தவைத்தார்களாம்.

பதினோரு வாரம் நான் படித்துப் படித்துப் பூரித்தது என் மூஞ்சியைப் பற்றிய கணக்கெடுப்பு.

மார்ச் 16, ஞாயிறு

நொண்டிக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு, "நீங்களே பேசுங்க தம்பி, எங்ககிட்டயும் எதுவும் சொல்றதில்ல" என்று உள்ளே போனாள். அண்ணன் மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கழற்றிக் கழற்றிக் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"அஞ்சு. படி இறங்கினா ஆறு."

"எத்தனை நாளா?"

"நாலு வாரம்."

நாலு வாரம்! அந்த நாலு வாரத்தில்தான் நான் வேக ஓட்டத்தையும் கூட்டி, ஸ்குவாட்டில் எடையையும் கூட்டினேன். எல்லாருக்கும் இரண்டுதானே, உடம்பு தாங்குகிறதே என்று. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதைப் பற்றி மனைவிக்குக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தவன் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல.

"சொன்னா ஓட விடுவீங்களா? இப்ப சொல்லிட்டேன், இனிமே விட மாட்டீங்க. நிஜத்த எழுதினா வீட்டுக்கு, பொய் எழுதினா பந்தயத்துக்கு. நீங்களா இருந்தா எத எழுதுவீங்க சித்தப்பா?"

நான் எதை எழுதுவேன் என்று மூன்று நாள் முன்னால்தான் பிசியோவிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பிசியோ அவளுடைய இரண்டு காலின் பலத்தையும் கருவியில் அளந்தாள். இடது தொடையின் பின்தசை வலதைவிடக் கால் பங்கு குறைவு. இன்னும் கிழியவில்லை. ஆனால் கிழியத் தயாராக இருக்கிறது என்றாள்.

"தேர்வுல ஓடலாமா?"

"ஓடலாமான்னு கேக்காதீங்க சார். ஓடினா என்ன ஆகும்னு கேளுங்க. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். முழுசா கிழிஞ்சு இந்த வருஷமே போகவும் செய்யலாம்."

அப்புறம் நான் பேரம் பேச ஆரம்பித்தேன். டேப் ஒட்டினால்? முதல் சுற்றை மட்டும் மெதுவாக ஓடினால்? மூன்று வாரம் எடையே தூக்காமல் இருந்தால்? பிசியோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அண்ணன் மகள் சுவரோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பேரம் படிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள், அது தெரிந்தது.

யாருக்காகடா பேரம் பேசற? அவளுக்கா? பதினாறு வருஷமா ஒருத்தரும் போகலியேன்னு உனக்கா? — வெட்கமா இருக்கு.

மார்ச் 19

தேர்விலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். அண்ணி போனில், "தம்பி, பிள்ளை காலையிலேர்ந்து சாப்பிடல" என்றாள். எனக்கும் இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மற்ற ஐந்து பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிஜத்தைச் சொன்னவளுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று எல்லாரும் இரண்டு போட்டால் அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

விதியை மாற்றினேன். எந்த எண் எழுதினாலும் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். வேலை மட்டும் மாறும். கால் வலித்தால் கைக்கு, ஓட முடியாவிட்டால் நடந்தபடியே புறப்பாட்டுப் பழக்கம், எதுவும் முடியாவிட்டால் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டத்தில் குறை கண்டுபிடிக்கலாம். முதல் வரியில் தினமும் நான் எழுதுவேன். எழுதினேன்: ஏழு.

பாறை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், வெறும் ஏழா? நீங்க விழுந்தத நாங்க பாத்தோம்" என்றாள். எட்டாக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது. நாலு, ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு. கடைசிக் கட்டம் காலி. அவள் வரவில்லை.

மார்ச் 27

இன்று வந்தாள். ஐந்து என்று எழுதினாள். என்னிடம் பேசவில்லை. மூன்று நாள் முகம் கொடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று நன்றாகவே கற்றுக்கொடுக்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

தேர்வு நாள். நாங்கள் இரண்டு பேரும் எடைப் பயிற்சி அறையில் பக்கத்துப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தோம். பெட்டிமேல் ஒரு குதிகாலை வைத்து இடுப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இருவருக்கும் பிசியோ கொடுத்தது ஒரே பயிற்சி. அவள் முப்பது நொடி பிடித்தாள். நான் பதினொன்றாவது நொடியில் தொப்பென்று விழுந்தேன். மூன்று வாரத்துக்கப்புறம் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான், பரவாயில்லை.

பத்தரை மணிக்குப் பந்தயம். அந்த நேரத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஜெயித்த பெண்ணின் நேரம் மாலையில் தெரிந்தது. அண்ணன் மகளுடைய சிறந்த நேரத்தைவிட மெதுவு. அதை இங்கே எழுதிவிட்டு அவளிடம் சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மே 9

அவள் ஓடியது எழுபது சதவீத வேகம். வலி ஒன்று. எனக்கு மூன்று, ஆனால் நான் ஓடவில்லை.

மே 23

தொண்ணூறு சதவீதம். இரண்டு காலின் பலமும் கிட்டத்தட்டச் சமம். தொடர் ஓட்ட அணியில் ஒரு மாற்று இடம் இன்னும் காலியாம். திங்களன்றே தேர்வுக் குழுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலு நாள் விடாமல் போட்டேன். என் தொல்லை தாங்காமல் ஜூன் 7 காலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். துள்ளிக் குதிக்கவில்லை, பிசியோவின் உத்தரவு.

ஜூன் 7, சனி

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு. வெள்ளை ஷூ, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். நான் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவன் தோற்றுப்போவான்.

அவள் முழுதாக வார்ம் அப் செய்தாள். பாதி வேகத்தில் இரண்டு ஓட்டம். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"சார், இன்னிக்கு வேண்டாம். பின்னாடி பிடிக்குது. நாலு."

அவர் காதிலும் விழுந்தது. ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ ஓடட்டும் சார், ஒரே ஒரு தடவைதானே?" என்றார். "இன்னிக்கு ஓட மாட்டா சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"மறுபடி வர முடியுமான்னு தெரியல."

"புரியுது சார்."

அவர் வண்டி கேட்டைத் தாண்டும் வரைக்கும் சிரித்த முகமாக நின்றேன். அப்புறம் உள்ளே கொதித்தது. பதினாறு வருஷம், நாலு நாள் போன், இன்னிக்குத்தானா அந்தப் பாழாப்போன தசைக்கு... அவள் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சு கோன்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன்.

"சித்தப்பா."

"ம்."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேலை இருக்கும்மா."

"திரும்புங்க. மூஞ்சியப் பாக்கணும்."

திரும்பினேன். என்ன இருந்ததோ அதில், எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

இரண்டு என்று சொல்ல வாய் திறந்தேன்.

"எட்டு" என்றேன்.

தலையாட்டினாள். குனிந்து மீதிக் கோன்களை எடுத்து என் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அங்கேயே புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.