செல்வியின் சீட்டு

திருத்தணி, 21.8.83, ஞாயிறு

இந்த ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அம்மாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரி மருந்தில் தங்கச்சி செல்விக்கு முடி கொட்டியது. மிச்சத்தை மலையில் கொடுத்துவிட்டு, வேண்டுதல் என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள். ரத்தப் புற்று என்று தெரிந்தால் சின்னவள் கோமளாவை எவன் கட்டுவான்?

செல்வி வேலை செய்த ரேடியோ கம்பெனி சூப்பர்வைசர் இன்று சாமி கும்பிட வந்தவர், வீட்டுக்கும் வந்தார். "செல்வி சீட்டு காலியா கெடக்குதும்மா. அது தேறி வர்ற வரைக்கும் சின்னத அனுப்பு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரேடியோ போர்டு கழுவுற கெமிக்கல் தண்ணி பக்கமே இனி போவக்கூடாதுன்னு செல்விக்கு டாக்டர் சொன்னாரு சார்."

"நானும் அங்கதானே கீறேன்? எனக்கு என்னா ஆச்சி?"

கண்ணாடி ரூமில் உட்காருகிற மனுஷன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஆங், நாளைக்கே வருவா" என்றாள்.

கோமளா காலை ரயிலுக்குத் தாவணி எடுத்து வைக்கிறாள். செல்வி பாயில் படுத்தபடியே அவளுக்கு வேலை சொல்லித் தருகிறாள்: "கழுவுற துணிய சோத்துக் கையில புடிக்காதடி. எவ்ளோ சோப்பு போட்டாலும் வாடை போவாது, சோறு எறங்காது."