சாம்ப்ளருக்குள் என் அரோகரா

ஆடி மாதம், செவ்வாய் இரவு

அக்கா வீட்டுக்காரர், என் பாவா, இன்று டீக்கடையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சத்தங்களைப் பதிந்து வைத்து வாசிக்கிற அவருடைய பழைய சாம்ப்ளர் பெட்டியிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்துச் சென்னைப் பையன்கள் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். திருத்தணியே அதற்கு ஆடுகிறது. பாட்டின் நடுவே வரும் அந்த "அரோகரா" என்னுடையது. அந்தக் காலத்தில் கச்சேரிக்காக என்னைக் கத்தச் சொல்லிப் பெட்டியில் பதிந்து வைத்தவரே பாவாதான். அன்று நான் கத்திய கத்தில் அரக்கோணத்தில் ரயிலே நின்றுவிட்டது.

இதைச் சொன்னதும் கடைக்காரன் சிரித்தான்.

"ஆங், மலையத் தூக்கி வச்சதும் நீதானே மாமா? நெசமா இருந்தா இப்போ ஒரு தபா கத்து, பாக்கலாம்."

பாவா எனக்கென்ன என்று டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

மூச்சை இழுத்துக் கத்தினேன். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ அதே பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. என் அரோகரா கணீரென்று மலை வரைக்கும் கேட்டது. எல்லோரும் பாவாவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பாவா மேல் வயிறு எரிகிறது. அதைவிட, அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவன் மேல். அவனுக்கு இருமலே வராது. இத்தனைக்கும் அவனுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தவன் நான்.