என் தலைக்கு ஒரே கத்திரி

மார்ச் 4
என் சலூனுக்குப் போட்டியாக இருந்த தெருமுனை சலூனை வாங்கி மூடிவிட்டேன். இனி இந்த வட்டாரத்தில் முடி வளர்த்த யாரானாலும் என் முன்னால்தான் தலை குனிய வேண்டும். அங்கே முடி வெட்டிக்கொண்டிருந்த பையன் சுருட்டையும் என் கடைக்கே வேலைக்கு வந்துவிட்டான். நல்ல கை அவனுக்கு.

மார்ச் 9
கட்டணத்தை ஏற்றினேன். கொஞ்சம்தான். சரி, கொஞ்சத்துக்கும் கொஞ்சம் மேலே.

மனைவியின் அண்ணன் சாப்பிட வந்தார். ஏகபோக வியாபாரிகளை விசாரிக்கிற அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு வேலை. "ரெண்டு கடையை ஒண்ணாக்கி விலையை ஏத்துறீங்களே மாப்பிள்ளை, இதைத் தட்டிக் கேக்கத்தான் சர்க்கார் இருக்கு" என்றார்.

"திருடனைப் பிடிங்க, ரோட்டைப் போடுங்க மச்சான். கத்திரியை எங்கிட்ட விடுங்க. நான் அதிகமா கேட்டா, கம்மியா கேக்கிறவன் தானா வருவான்."

"பேச்சை நிறுத்தினாத்தான் சாப்பாடு" என்றாள் மனைவி. சமையலறையில் அவளுக்குப் போட்டியே இல்லை. இருவரும் அடங்கினோம்.

மார்ச் 21
வந்துவிட்டான். சுருட்டைதான்! என்னிடம் வேலையை விட்டுவிட்டு, மடக்கு நாற்காலியும் கையுமாக வீடு வீடாகப் போய் வெட்டுகிறான். என்னைவிடக் குறைந்த கட்டணத்துக்கு. துரோகி.

மார்ச் 28
கடையில் ஈ ஓட்டினேன்.

மார்ச் 30
வயிறு எரிகிறது. மச்சானுக்கு போன் போட்டேன். "வீட்டுக்கு வீடு போய் வெட்ட லைசென்ஸ் கிசென்ஸ் வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." — சொல்லும்போதே நாக்கு கூசியது. நானா பேசுகிறேன் இதை?

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. "ரோட்டை மட்டும் போட்டா போதும்னீங்களே?"

போனை வைத்துவிட்டுக் கட்டணத்தைக் குறைத்தேன். பழைய கட்டணத்தைவிடவும் கீழே.

ஏப்ரல் 8
ஆட்கள் திரும்பி வருகிறார்கள். பார்த்தீர்களா மச்சான்! (நேரில் சொல்லவில்லை.)

ஏப்ரல் 17
ஒரு சிக்கல். என் பின்னந்தலைக்கு என் கை எட்டாது. முன்பெல்லாம் தெருமுனைக் கடையில் சுருட்டையிடம்தான் வெட்டிக்கொள்வேன். அந்தக் கடையைத்தான் நானே மூடிவிட்டேனே!

மனைவி முயன்று பார்த்தாள். இடது காதுக்கு மேலே இப்போது ஒரு பொட்டல். வாடிக்கையாளர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு வாசலோடு போகிறார்கள்.

ஏப்ரல் 19
வேறு வழியில்லை, சுருட்டையைக் கூப்பிட்டேன். என் கடைக்கு நடுவிலேயே மடக்கு நாற்காலியை விரித்தான். ஊருக்கெல்லாம் கேட்கிற கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்டான்.

"என்னடா அநியாயம்?"

"உங்களுக்கு வேற யாரு இருக்கா அண்ணே?"

சவரம் செய்துகொள்ள வந்த மச்சான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகமெல்லாம் பல். "விசாரிக்கட்டுமா மாப்பிள்ளை?"

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுருட்டையின் முன்னால் தலையைக் குனிந்தேன்.