சீல் வைத்த அறையில் செத்த பூச்சிகள்

அனுப்புநர்:
சீ. பாண்டீஸ்வரி, பி.எஸ்சி. (வேளாண்மை),
பங்குதாரர், 'தோப்புக்காவல்' நிறுவனம்,
செட்டியார்பட்டி, இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
'தளிர்' தொடக்க நிறுவனங்கள் வளர்ச்சி மையம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: இராஜபாளையம் 'தளிர்' கட்டடம் முன்னறிவிப்பின்றிச் சீல் வைக்கப்பட்டதில் எங்கள் நிறுவனம் வளர்த்துவந்த பூச்சிகள் அனைத்தும் இறந்தது – இதனை மகாராஜபுரம் தென்னை விவசாயிகளிடம் தாங்கள் நேரில் வந்து தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்கள் நடத்திய 'வளரும் நிறுவனங்கள்' விழாவில் சால்வை போர்த்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. தங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. எனக்குப் போர்த்தும்போது தாங்கள் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனுதாரர் யார் என்று தெரிவதற்காகவே சொல்கிறேன்.

2. நானும் என்னுடன் கல்லூரியில் படித்த கார்த்திகாவும் சேர்ந்து நடத்துவது 'தோப்புக்காவல்' நிறுவனம். தென்னை மட்டைகளில் அடை அடையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈயைத் தின்னக்கூடிய பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டித் தோப்புக்காரர்களுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். இதற்காக இராஜபாளையம் 'தளிர்' கட்டடத்தின் மாடியில் மூலை அறையைத் தாங்களே ஒதுக்கித் தந்தீர்கள். எங்களுக்கு அடுத்த அறையில் பால்கோவாவை வெளியூருக்கு அனுப்பும் செயலி நடத்துபவர்களும், எதிர் அறையில் நாய்த்தீவனம் தயாரிப்பவர்களும் இருந்தார்கள். செயலிக்காரர்கள் அறை பூட்டியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எங்கள் பூச்சிகளுக்கு அந்த வசதி கிடையாது. தினமும் தேன் கலந்த தண்ணீர் வைக்க வேண்டும், புழுக்களுக்கு இரை போட வேண்டும், மின்விசிறி ஓட வேண்டும். ஒதுக்கீடு கேட்ட நாளிலேயே இதைத் தங்களிடம் சொன்னேன். "நல்ல வித்தியாசமான ஐடியாம்மா" என்றீர்கள்.

3. இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. பூச்சி விட்ட தோப்பில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் வெள்ளை ஈக்கு முன்னால் எங்கள் பூச்சிதான் சாகும். ஆகவே தோப்புக்காரர் எங்கள் பேச்சை நம்பி, ஈயின் கழிவில் பூஞ்சணம் படர்ந்து கண்ணெதிரே மட்டை கருப்பதைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதற்கு ஒரு விவசாயியைச் சம்மதிக்கவைப்பது எவ்வளவு சிரமம் என்பது, மேடையில் கைதட்டல் வாங்குவதோடு நின்றுவிடுகிறவர்களுக்குத் தெரியாது.

4. மகாராஜபுரம் திரு. சோலைச்சாமி அவர்கள் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் எங்களை வாசலிலேயே நிறுத்திவைத்துத்தான் பேசினார். "ஈயக் கொல்ல இன்னொரு பூச்சிய விடச் சொல்லுதிய. ஏம்மா, நாளப்பின்ன அந்தப் பூச்சியக் கொல்ல எதக் கொண்டு வருவிய?" என்று கேட்டார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி இராஜபாளையம் வந்து, எங்கள் அறையையும் வாசலில் இருந்த அரசு முத்திரைப் பலகையையும் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் சம்மதித்தார். அவர் சொல்லி, அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களும் மருந்தை நிறுத்தினார்கள். அவர்கள் என்னை நம்பவில்லை, ஐயா. தங்கள் பலகையை நம்பினார்கள்.

5. முதல் தவணை முட்டை அட்டைகளைத் தோப்பு மரங்களில் கட்டி முடித்து, இரண்டாம் தவணைக்குப் பூச்சிகள் தயாரான சமயத்தில் விழா வந்தது. எல்லா நிறுவனத்தாரும் கட்டாயம் வர வேண்டும், அறையில் யாரும் தங்கக் கூடாது, அரங்கில் கூட்டம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் இருந்து தொலைபேசியில் சொன்னார்கள். பட்டுப்புடவை கட்டி வரும்படியும் சொன்னார்கள். காலையில் இரை வைத்துவிட்டு, பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். இந்த மாவட்டத்தில் தொடக்க நிறுவனங்கள் எப்படிப் பெருகிவருகின்றன என்று திரையில் படம் காட்டினீர்கள். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. நாங்களும் கைதட்டினோம்.

6. சால்வையோடு திரும்பி வந்து பார்த்தால், கட்டடத்தின் வாசலில் பூட்டும் அரக்குச் சீலும் இருந்தன. வேறொரு துறை தன் பொருள்களை இருப்பு வைக்கக் கட்டடத்தை எடுத்துக்கொண்டதாகவும், பொருள்கள் உள்ளே வந்துவிட்டதால் இனி உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றும் காவலுக்கு நின்றவர் சொன்னார். மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். தங்களுக்கு அப்போதே தொலைபேசியில் சொன்னேன். "பேசுறேம்மா" என்றீர்கள். மறுநாளும் சொன்னேன். "பேசிட்டிருக்கேம்மா" என்றீர்கள். அந்தத் துறையின் அலுவலகத்திற்குப் போனால், 'தளிர்' அலுவலகத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தங்கள் அலுவலகத்திற்கு வந்தால், தாங்கள் சென்னையில் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் எதைப் பற்றியது என்று கேட்டேன். தொடக்க நிறுவனங்களின் வளர்ச்சியைப் பற்றியது என்றார்கள்.

7. கட்டடத்தின் பின்பக்கம் இரும்புப் படி வழியாக ஏறினால் எங்கள் அறையின் கண்ணாடி ஜன்னல் கைக்கெட்டும். பூச்சிகள் எல்லாம் வெளிச்சம் தேடி ஜன்னல் பக்கத்து வலையில் வந்து அப்பிக்கொண்டிருந்தன. பசி எடுத்தால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். அதுவும் நடந்துகொண்டிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கார்த்திகா கீழே இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்தாள். காவலுக்கு நின்றவர்கூடப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தடுத்தது எங்களோடு வந்திருந்த என் தந்தை. அவர் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் சீல் வைத்த கதவுகளின் முன் எத்தனையோ முறை துப்பாக்கியோடு நின்றவர். "ஏட்டி, கல்லக் கீழ போடு. கவர்மெண்டு வச்ச சீலு அது. நாளைக்கு அவியளே தொறப்பாவ. செத்த பொறுக்க மாட்டியளா?" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில், ஒருவர் போலீசில் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்கம் பூட்டியதை உடைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கார்த்திகா கல்லைப் போட்டுவிட்டாள். நானும் அப்பா சொன்னதே சரி என்றேன். அவர்கள் திறக்கவில்லை. பொறுத்திருந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, அத்தனையும் சாவதைப் பார்த்தோம்.

8. பிறகு ஒரு நாள் யாரோ வந்து சீலை எடுத்தார்கள். எந்தப் பொருளுக்காகக் கட்டடம் எடுக்கப்பட்டதோ அது வேறு இடத்திற்குப் போய்விட்டதாம். சாவியைக் கையில் கொடுத்து, "உங்க பொருள் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றார்கள். மேசை, நாற்காலி, வலைக்கூண்டு எல்லாம் சரியாக இருந்தன. பூச்சிகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். கை நிறைய வந்தும் எடை தெரியவில்லை. அன்றைக்கு என் தந்தை உள்ளே வரவே இல்லை. இப்போதும் வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது அவருக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

9. இனி மனுவின் முக்கியப் பொருளுக்கு வருகிறேன். இரண்டாம் தவணை போகாததால் மகாராஜபுரத்தில் வெள்ளை ஈ பெருகி, மட்டைகள் கரி பூசியது போல ஆகிவிட்டன. நடந்ததைச் சொல்ல நேரில் போனேன். திரு. சோலைச்சாமி அவர்கள் முழுவதும் கேட்டார். பிறகு, "கவர்மெண்டு கட்டடத்துக்குள்ள, கவர்மெண்டே பூட்டி வச்ச பூச்சி எப்பிடிம்மா சாகும்?" என்றார். அவர் மனைவி அய்யம்மாள் உள்ளே போய், விழாவுக்கு மறுநாள் வந்த செய்தித்தாளைக் கொண்டு வந்து காட்டினார். சால்வையோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அதில் இருந்தது. "நீ விருது வாங்கப் போன நேரத்துல எங்க தோப்பு போச்சு. அதச் சொல்லிட்டுப் போயேன். எதுக்குப் பொய்யி?" என்றார் அந்த அம்மாள். திரு. சோலைச்சாமி ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். "இனிமே இந்தப் பக்கம் வராத தாயி" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். இப்போது அழவும் வரவில்லை.

10. ஆகையால் ஐயா, இழப்பீடு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. வேறு அறையும் வேண்டாம். தவறு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கோரவும் இல்லை. யார் அவர்கள் என்பது எனக்கே தெரியவில்லை. தாங்கள் ஒரு காலை வேளையில் மகாராஜபுரம் வந்து, அந்தத் தோப்புக்காரர்கள் முன் நின்று, "இந்தப் பெண் சொன்னது உண்மை, நாங்கள் பூட்டினோம், பூச்சிகள் செத்தன" என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பாதவர்கள் தாங்கள் சொன்னால் நம்புவார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள். தோப்பைத் திருப்பித் தர என்னால் முடியாது. நான் ஏமாற்றவில்லை என்பதையாவது அவர்களுக்குத் திருப்பித் தர நினைக்கிறேன்.

இதைத் தாங்கள் செய்யமாட்டீர்கள் என்றே என் மனம் சொல்கிறது. இருந்தும் கேட்காமல் விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செட்டியார்பட்டி
நாள்: 17.03.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சீ. பாண்டீஸ்வரி

குறிப்பு: இந்நிறுவனத்தின் மற்றொரு பங்குதாரரான கார்த்திகா இம்மனுவில் கையொப்பமிடவில்லை. அவர் இராஜபாளையத்தில் ஒரு பூச்சிமருந்து விற்பனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வீட்டு நிலைமை அப்படி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மகாராஜபுரம் பகுதியை அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். திரு. சோலைச்சாமி அவர்களின் தோப்புக்கு வருகிற வியாழக்கிழமை மருந்து கொண்டு போகிறார். தாங்கள் வருவதாக இருந்தால், அதற்கு முன்பே வர வேண்டும்.